விசில் மாதப்பாவின் உயிர்

விசில் மாதப்பா சாகிறானா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. நண்பா, நீ பாதியில் விட்ட அத்தியாயம் புத்தகத்தில் இருக்கும் என்பது மட்டும் உறுதி. இன்று காலை தொகுப்பாசிரியரே போனில் சொன்னார். அப்போது தொம்மலூர் ஓட்டலில் நின்றிருந்தேன். வாய்ப்பழக்கத்தில் "பை டூ" என்று கேட்டுவிட்டதால், ஒரு காபியை இரண்டாகப் பிரித்து முன்னால் வைத்திருந்தார்கள்.

இங்கே நின்றுதான் நண்பர்கள் சேர்ந்து அந்த நாவலைத் திட்டமிட்டோம். ஒரே பெங்களூரு, ஆளுக்கொரு சூப்பர்ஹீரோ, ஆளுக்கொரு அத்தியாயம். உன்னுடையவன் மாதப்பா, ஆனேக்கல் பஸ் கண்டக்டர். அவன் விசில் ஊதினால் ஓடுவதெல்லாம் நிற்கும். என்னுடையவள் செல்வி, பொம்மசந்திராவில் தொழிற்சாலை வேலை, எதையும் தூக்குவாள். விதியை நீதான் போட்டாய்: "யார் ஆளை வேணும்னாலும் உன் கதைக்கு எடுத்துக்கோ. கொல்லணும்னா மட்டும் ஓனரைக் கேளு."

செல்வியை லாரி தூக்கவைக்க நான் தயங்கியபோது சிரித்தாய். "டேய் ரிப்போர்ட்டரே, ரெண்டு பேரு பார்த்ததாச் சொன்னாதான் தூக்க விடுவியா?"

உன் மரணச் செய்தியையும் இரண்டு பேரிடம் கேட்ட பிறகே நம்பினேன். இரண்டாவது ஆள் உன் மனைவி. "ஆமாண்ணா" என்றார், அவ்வளவுதான்.

உன் அத்தியாயத்தில், மேம்பாலத்திலிருந்து சரிந்த ஓசூர் பஸ்ஸைக் கீழே நின்று தாங்குகிறாள் செல்வி. உள்ளேயிருந்து ஒருத்தி கத்துகிறாள்: "யக்கா, ஸ்வல்ப நேராப் புடி, சாம்பார் கொட்டுது!" மாதப்பா விசிலை வாயில் வைக்கிறான். அதற்கு மேல் நீ எழுதவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய்.

மாதப்பா அங்கேயே செத்துவிடட்டும் என்கிறார் தொகுப்பாசிரியர்.

"ஓனரே போயிட்டாரு சார். இதுதான் அவருக்கு மரியாதை. படிக்கிறவங்க அழுவாங்க."

"கேட்காம முடியாது."

"யாரைக் கேட்பீங்க?"

உன் மனைவியைத்தான் கேட்டேன். அவர் நம் கதைகளைப் படித்ததே இல்லை. "கண்டக்டரைச் சாகடிக்கிறதா இருந்தாராண்ணா அவர்?"

தெரியாது என்றேன்.

"அப்ப நான் படிக்கணும். ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

அவர் என்ன சொன்னாலும் மிச்சத்தை எழுதப்போவது நான்தான். உன் கடைசி வரிக்குக் கீழே எழுத உட்கார்ந்தால் தோள்தான் கனக்கிறது. விசில் இன்னும் அவன் வாயில். ஞாயிறு வரை செல்வி பஸ்ஸை இறக்க முடியாது.