ரேம் என்ன செய்யும்?

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

முதுகுவலி தேவலையா? பாப்பா சரியாகச் சாப்பிடுகிறாளா? இங்கே நான் சுகம்.

நேற்று எங்கள் ரிப்பேர் கடைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வந்தது. சுவிட்சைப் போட்டால் பீப் பீப் என்று கத்தியது. திரை இருட்டாகவே இருந்தது. "மதர்போர்டு போச்சு, தூக்கிப் போடு" என்றார் முதலாளி. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையே போனால் என்ன மிச்சம்? ஆனால் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டே நீங்கள் எனக்குப் பாடம் எடுத்தது ஞாபகம் வந்தது: "புராசஸர் கணக்குப் போடும், ஹார்டு டிஸ்க் பத்திரமா வைக்கும். ரேம் என்ன செய்யும், சொல்லு?"

"ஐயா, வேலை நடக்கிறப்போ தேவையானதைக் கையில வச்சிருக்கிறது ரேம்தான். அதைக் கழற்றித் துடைச்சுப் பார்க்கட்டுமா?" என்றேன். பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். திரை பளிச்சென்று வந்தது!

கழற்றும்போது கம்ப்யூட்டர் பெட்டியின் தகரம் விரலைக் கீறிவிட்டது. இரண்டே தையல், பயப்படாதீர்கள்.

"இனிமே நீ பெருக்க வேணாம்மா, ரிப்பேர் மேஜைக்கு வந்துடு" என்றார் முதலாளி. ஆமாம், இத்தனை மாதமும் பெருக்கத்தான் செய்தேன். உங்களிடம் மறைத்ததை மன்னியுங்கள். இந்த மேஜை நீங்கள் கொடுத்தது.

மேஜை வேலைக்கு என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். அடுத்த முறை பேசி முடித்ததும் போனை உடனே அணைக்காதீர்கள். நீங்கள் பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுக்கொள்கிறேன்.

கடைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

உங்கள்,
பாப்பாவின் அம்மா