பார்க்காமலே சொன்னது

வெள்ளி, 6

காலையிலேயே வெயில் சுள்ளுனு. கேஸ் புக் பண்ணணும். மூக்குக் கண்ணாடி ஸ்க்ரூ லூசு.

திண்டிவனத்துல ஏறினா மயிலம் காலேஜ் வர்ற வரைக்கும் ஸ்டாஃப் வேன்ல சினிமா பேச்சுதான். வெள்ளிக்கிழமைன்னா தீர்ப்பு என்னுது. "வசந்தி அக்கா, போன வாரம் வந்த த்ரில்லரு இன்னா, பார்க்கலாமா?" என் கிட்ட மூணே பதில். போலாம். டிவில வரும், விடு. காசுக்குப் பிடிச்ச கேடு.

இன்னைக்கு: "போலாம். ரத்தம் கித்தம் கெடையாது, புள்ளைங்களோட போலாம். சீட்டு நுனியில உக்கார வச்சிட்டான்பா."

எந்த சீட்டு? தியேட்டர் பக்கம் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. பத்து நிமிஷத்துல முழுக் கதையும் சொல்ற ஒருத்தன் வீடியோ, சட்னி அரைச்சிக்கினே கேக்கறது. அதை வச்சிக்கினு இந்த அளப்பு. த்தூ.

லைப்ரரி கலா ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கினு விழுப்புரம் போறாளாம், இந்தப் படத்துக்கு. பைபாஸ்ல பைக்கை லாரி அடிச்சு அவ வீட்டுக்காரர் போயி பதினாலு மாசம். அதுக்கப்புறம் இப்பதான் முதல் படம். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்"னா. பெருமையா வேற இருந்துச்சு எனக்கு.

திங்கள், 9

மழை வர்ற மாதிரி இருந்துச்சு, வரல. கலா வேன்ல முன் சீட்டுக்குப் போய்ட்டா. சாப்பாட்டு நேரத்துல நானே போய்க் கேட்டேன்.

"இன்டர்வெல்லுக்கு முன்னாடியே எழுந்து வந்துட்டோம். பைக்கு, எதிர்க்க லாரி. ரெண்டு வாட்டி காட்டறான், மெதுவா. பொண்ணு என் கண்ணைப் பொத்துச்சு. நான் அது கண்ணைப் பொத்தினேன்."

அப்புறம்: "நீதான் பார்த்தியே. அந்த எடத்துல என் நெனப்பு வரலியா உனக்கு?"

ஃபைல் இருக்குன்னு ஓடியாந்துட்டேன். தயிர்சாதம் தொடல.

செவ்வாய், 10

சொல்லிட்டேன். பார்க்கவே இல்லடி, வீடியோவுல கேட்டுட்டுதான் சொன்னேன்னு.

சிரிச்சுட்டா. "அட பேஜாரு புடிச்சவளே! பார்த்தும் சொல்லலியேன்னு ரெண்டு நாளா தூக்கம் இல்ல எனக்கு. பார்க்காதவளுக்கு எப்படித் தெரியும், விடு." டப்பாவைத் திறந்து வெல்லப்பாகுல புடிச்ச மல்லாட்டை உருண்டை குடுத்தா. வாங்கித் தின்னேன்.

புதன், 11

கேஸ் வந்துச்சு. கண்ணாடி இன்னும் அப்படியே.

அந்த வீடியோவை மறுபடி போட்டேன். நாலாவது நிமிஷம், தெளிவா: 'ஹீரோவோட அண்ணன் பைக் ஆக்ஸிடென்ட்ல இறந்துடறாரு.' போன வாரமும் கேட்டேன். கேட்டது மட்டுமா, கதைக்கு முக்கியமான எடம்னு மிக்ஸியை நிறுத்திட்டுக் கேட்டேன். கலா நெனப்பு துளி வரல. அவ பக்கத்துல ஒன்பது வருஷமா உக்காந்து வர்றேன்.

ச்சீ. அந்த உருண்டையை வேற தின்னேனே.

வியாழன், 12

தூறல். வேன்ல கலா எனக்கு எடம் போட்டு வச்சிருந்தா. உக்காந்ததும் சொன்னேன். "அந்த ஆக்ஸிடென்ட் வரி கேட்டேன் கலா. கேட்டுட்டுதான் போலாம்னேன். உன் நெனப்பு வரல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா. அப்படியே கேட்டா. "ஏன்டி இதச் சொன்ன? நான்தான் விட்டுட்டேனே."

பின்னாடியிலேருந்து ஆபீஸ் பொண்ணு: "வசந்தி அக்கா, இந்த வாரம் எதுக்குப் போலாம்?"

தெரியலம்மான்னேன்.

"அட, சும்மா சொல்லுங்கக்கா!"

கலாதான் பதில் சொன்னா, வேன் முழுக்கக் கேக்கற மாதிரி. "அவ எந்தப் படமும் பாக்கறதில்ல."