ஒரே நாவலில் இருவர்

இந்தக் கிண்டிலையும் கொடுத்துவிட்டால் இவரை எங்கே போய்ப் பார்ப்பது என்று நினைத்தபடியே ஜாய்ஸ் காலண்டர் தாளைக் கிழித்தாள். நெம்மேலி கடல்நீர்க் குடிநீர் ஆலையில் இரவு வேலை முடிந்து கணவன் ஆல்வின் வீட்டுக்கு வரும் நேரம், அவள் வேலைக்குப் போகும் செங்கல்பட்டு பஸ்ஸில் இருப்பாள். புத்தகம் படிக்க மட்டுமே உதவும் அந்தக் கிண்டிலில் பகலில் அவனும் மாலையில் அவளும் ஒரே நாவலைப் படித்தார்கள். அவன் கோடு போட்ட வரியில் அவள் பதில் எழுதி வைப்பாள். டேப்லெட் வாங்கியபின் அவன் அதில் கிரிக்கெட் பார்க்கிறான். கிண்டில், அவள் விட்ட பக்கத்திலேயே திறக்கிறது.

"டேப்லெட்லயே எல்லா புக்கும் கீதே, இன்னாத்துக்கு ரெண்டு? எக்ஸ்சேஞ்சுக்கு கடைக்காரன் வருவான், எட்த்து வை" என்று நேற்று போனில் சொல்லியிருந்தான்.

கிழித்த தாளின் பின்பக்கத்தில் அவள் எழுதினாள்.

"என்னங்க, சங்கரா மீன் குழம்பு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணி சாப்பிடுங்க. தூங்கறதுக்கு முன்ன மோட்டார் போட்டுடுங்க."

கீழே இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"நாப்பதாம் பக்கத்துல, அந்தப் பொண்ணு கதவத் தொறக்காதது சரியான்னு உங்களக் கேட்டிருந்தேன். கிறிஸ்மஸுக்கு முன்ன கேட்டது. பதிலே இல்ல. கிண்டில் உங்க தலகாணி மேல இருக்கு. கடைக்காரருக்கு நானே போன் பண்ணி, வர வேணாம்னு சொல்லிட்டேன்."