என் டோனில் ஸ்ரீராம்

அண்ணா,

மீன் கறி அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்க. சாவி ஷூ அலமாரிக்குள்ள.

சாயங்காலம் ஸ்ரீராம் வந்தா கிட்டார் டோன் செட் பண்ற அந்தப் பெட்டிய, ஆம்ப் மாடலரக் குடுத்துடு. சோபா மேலதான் வெச்சிருக்கேன், ஒளிச்சு வைக்கல.

நேத்து உன் லேப்டாப்புல நம்ம பேண்ட் பாட்டோட ரெகார்டிங் கேட்டேன். கிட்டார் டோன் என்னோடது, வாசிச்சது ஸ்ரீராம். "இந்த வருஷம் ரெகார்டிங் வேணாம், எல்லாரும் பிசி லா"ன்னு எங்கிட்ட சொன்னியே. என்னை மட்டும் கழட்டி விட்டுட்டு, என் டோன வெச்சுக்கிட்டீங்களா?

மூணு வாரம் தினமும் வேலை முடிஞ்சு வந்து அந்த டோன மாடலர்ல செட் பண்ணேன். நீயும் பக்கத்துல உக்காந்து கேட்ட. நான் வெறும் கட்டைவிரலால வாசிக்கறவ, சத்தம் மழுங்கலா வரும். அதுக்குத்தான் சத்தம் கூர்மையா வர ட்ரெபிள அவ்வளவு ஏத்தி வெச்சேன். ஸ்ரீராம் பிளாஸ்டிக் பிக் வெச்சு வாசிக்கறான், அதுல சத்தம் ஏற்கெனவே கூர்மையா வரும். அதான் உங்க ரெகார்டிங் காதைக் கிழிக்குது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

சுவா சூ காங்ல பவித்ரா வீட்டுல இருப்பேன். போன் பண்ணாத.

பிரியா

ட்ரெபிள எட்டுலேர்ந்து நாலுக்கு இறக்கச் சொல்லு. உனக்காகச் சொல்லல. அந்தப் பாட்ட நானும்தானே எழுதினேன்.