அத்தை முதுகில் அப்பிய மஞ்சள்

நவம்பர் 9, ஞாயிறு

இன்று என் மாமியாருக்குப் பதினாறாம் நாள் விசேஷம். சமைக்க வந்த தெருப் பெண்கள், நான் உள்ளே போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தினார்கள். அத்தையின் படுக்கைப்புண்ணைப் பற்றித்தான் இருக்கும். நான் மாஹிமில் வீட்டு வேலைக்குப் போன நேரத்தில் அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்க ஆளில்லை. முதுகு புண்ணானதை நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லவே இல்லை. அத்தை செத்த அன்று சேலையை மறைப்பாகப் பிடித்து உடம்பைக் குளிப்பாட்டியது எங்கள் தெரு இசக்கியக்கா. அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்?

பாத்திரம் கழுவும்போது கேட்டே விட்டேன். "யக்கா, அத்தை முதுகப் பத்தி யார்ட்டயும் சொன்னியளா?"

அவள் நிமிரவில்லை. "நான் எதுக்குட்டி சொல்லணும்? புண்ணு தெரியாம மஞ்சள அப்பி, கோடித்துணியச் சுத்திட்டேன். பெத்த மவன் பாத்தா தாங்குவானா?"

எனக்கு நிம்மதி வரவில்லை. அப்படியானால் அந்தப் பெண்கள் எதற்குப் பேச்சை நிறுத்தினார்கள்?

இந்தத் தெருவில் எந்தப் பெண் செத்தாலும் குளிப்பாட்டுவது அவள்தான். யார் யார் உடம்பில் எதையெதை மறைத்து வைத்திருக்கிறாளோ. ஒருநாள் என்னையும் அவள்தான் குளிப்பாட்டுவாள். இனிமேல் தண்ணீர்க் குழாயடியில்கூட அவளிடம் என்னால் சண்டை போட முடியாது.