ஆட்டோடு நின்றுவிட்டவன்

கோனாரே,

இன்று காலை குடில் பெட்டியைத் திறந்தேன். பாலன் பிறப்புத் திருநாளுக்குக் கோயிலில் வைக்கும் மண்பொம்மைகளை வைக்கோலில் பொதிந்து வைத்திருந்தோம். மழையில் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கும் போல. மூடியைத் தூக்கியதும் நனைந்த வைக்கோலும் பழஞ்சாக்கும் கலந்த ஒரு வாடை வந்தது. உங்கள் தோள் துண்டின் வாடை அது.

கோயிலைக் கூட்டுகிற அம்மா வந்து மூன்று இடையர்களையும் பாலன் முன்னால் வரிசையாக நிறுத்தினாள். நான் ஒருவரை எடுத்துத் தூரத்தில், ஆடுகளுக்கு நடுவே வைத்தேன். "வருசா வருசம் இவரை மட்டும் ஏன் தள்ளி வைக்கிறீக? அவருக்குப் பாலனைப் பாக்க ஆசையிருக்காதா?" என்றாள். சும்மா சிரித்து வைத்தேன். அது உங்களிடம் பேச வேண்டிய சங்கதி.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். நான் சிக்கல் என்கிற ஊரில் குடியிருந்தேன். பங்குச்சாமியார் எப்போதாவது மட்டும் வந்துபோகிற கடற்கரைச் சிற்றாலயத்துக்கு வாராவாரம் நடந்து போய்ச் செபம் சொல்லி, பிரசங்கமும் பண்ணுகிற உபதேசியார். பிரசங்கத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். உடைமரத்தடியில் துரட்டியால் ஆடுகளுக்கு நெற்று உலுக்கிக்கொண்டிருந்த நீங்கள்தான் முதலில் கேட்கிற ஆள். உங்கள் சாமி வேறு. ஆனாலும் "நில்லுங்க, அப்பறம் என்னாச்சு?" என்று கேட்ட ஆள் எனக்கு நீங்கள் ஒருவர்தான்.

அந்த மார்கழியில் இடையர் கதையைச் சொன்னேன். வானம் வெளுத்தது, வானதூதர்களான சம்மனசுகள் பாடினார்கள், இடையர்கள் விரைந்து ஊருக்குள் ஓடினார்கள் என்று நீட்டி முழக்கினேன். நீங்கள் துரட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டீர்கள்.

"ஆட்டை யாருட்ட விட்டுட்டுப் போனாக?"

"சம்மனசு பாத்துக்கிட்டிருக்கும்."

"வானத்துல இருந்து வந்தவருக்கு ஆடு மறிக்கத் தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் விடவில்லை. "எல்லாரும் போயிருக்க மாட்டாக, உபதேசியாரே. ஒருத்தன் நின்னுருப்பான். அவனைப் பத்தி ஒங்க புத்தகத்துல இல்லையா?"

"இல்லை."

"அப்ப எழுதுனவரு ஆடு மேய்ச்சவரில்ல."

அன்று கோபமாகத்தான் போனேன். வீட்டுக்கு வந்து சுவிசேஷத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நின்றவனைக் காணோம். படிக்காத மனுஷன் பேச்சு என்று மூடி வைத்துவிட்டேன்.

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம். அந்திச் செபத்துக்குக் கிளம்பி, பிரசங்கத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் உடைமரத்தடிக்கு வரவும், உங்கள் மச்சினன் மூச்சிரைக்க ஓடி வந்து உங்கள் முன்னால் நின்றான். "மச்சான், பொம்பளப்புள்ள. உசுரு இருக்கு, ஆனா அழ மாட்டேங்குது. அக்கா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு." சொல்லிவிட்டு வைத்தியரைக் கூட்டிவரக் கடலாடிப் பக்கம் ஓடிவிட்டான்.

அதற்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் நீங்கள். இரண்டையும் முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கூட மேய்க்கிற தம்பி காய்ச்சலில் கிடந்தான். எண்பத்தேழு ஆடு. அதில் பாதி ஊராருடையது. ஓடைக்கு அந்தப்பக்கம் கதிர் வாங்குகிற நெல். நீங்கள் ஆட்டைப் பார்த்தீர்கள், ஊர்ப்பக்கம் பார்த்தீர்கள். கால் மட்டும் நகரவில்லை.

"நீங்க போங்க. நான் நிக்கிறேன்" என்றேன்.

"கோயில்ல ஆளுக காத்திருப்பாகளே."

"போங்கன்னா போங்க, கோனாரே."

துரட்டியை என் கையில் கொடுத்தீர்கள். "அந்தக் கருப்பிதான் முன்னால போகும். அதை மறிச்சா மத்தது நிக்கும்." அவ்வளவுதான், ஓடிவிட்டீர்கள்.

கருப்பி என்னை ஒரு மனுஷனாகவே மதிக்கவில்லை. வெள்ளை வேட்டியோடு ஓடைக்கும் வயலுக்கும் நடுவே நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் பிள்ளை கவலையிலும் நீங்கள் சிரித்திருப்பீர்கள். ஒருவழியாக ஆடுகள் அடங்கி மேய ஆரம்பித்ததும் நானும் நின்றேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கே என்ன நடக்கிறது, பிள்ளை அழுததா, ஒன்றும் தெரியாது. போய்ப் பார்க்கவும் முடியாது. அந்த இடையர்கள் பயந்தார்கள் என்று பத்து வருடமாகப் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன், கோனாரே. அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நீங்கள் சொன்ன அந்த ஒருத்தன் என் பக்கத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. அவனும் இப்படித்தான் ஊர்ப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்.

வெளிச்சம் மங்குகிற நேரம் வரப்பில் நீங்கள் ஓடி வருவது தெரிந்தது. கிட்ட வந்ததும் "புள்ள?" என்றேன்.

"அழுதுருச்சு, உபதேசியாரே. நான் போயி நிக்கவும் அழுதுச்சு. விரலு அம்புட்டுலயும் நகம் இருக்கு, பாத்துக்கங்க. இத்தினியூண்டு நகம். அதை யாரு வச்சா?"

ஆட்டுப்புழுக்கை கிடந்த தரையில், நான் பார்க்காத ஒரு பிள்ளைக்காக மண்டியிட்டேன். இடையர்கள் திரும்பிப் போனார்கள் என்று சுவிசேஷத்தில் இருக்கிறதே, அது அப்போது நினைவுக்கு வந்தது. எங்கே திரும்பிப் போயிருப்பார்கள்? ஆட்டிடம்தான், அங்கே நின்றவனிடம்தான். கண்டதையெல்லாம் மூச்சிரைக்க அவனிடம் சொல்லியிருப்பார்கள். காணாமலே நம்பிய முதல் ஆள் அவன். அவனுக்குப் பின்னால் வந்த நாங்கள் எல்லோரும் அவன் ஜாதிதான். எங்களில் ஒருவரும் பெத்லகேமைப் பார்த்தவரில்லை.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது செபமாலையைத் தாங்களாகவே சொல்லி முடித்துவிட்டுச் சனம் காத்திருந்தது. சேறான வேட்டியோடு நின்று, தயார் பண்ணியதை விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னேன். முடிந்ததும் படகுக்காரர் வீட்டு அம்மா ஒருத்தி சொன்னாள்: "நாங்களும் கரையில நிக்கிறவுகதானே. போனவுக வந்து சொன்னாத்தான் எங்களுக்குக் கடலு."

விஷயம் பங்குச்சாமியார் காதுக்குப் போனது. "வேதத்தில் இல்லாத ஆளை நீர் எப்படிச் சேர்க்கலாம்?" என்று கண்டித்தார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அடுத்த வருடமும் அதையே பிரசங்கம் பண்ணினேன். உங்களிடம் சொன்னபோது, "அப்ப அவனையும் சேத்துட்டீக" என்று சிரித்தீர்கள். அன்று என் கையோடு வந்துவிட்ட துரட்டியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கவில்லை. "இருக்கட்டும், நீங்களும் ஆடு மேய்ச்சவுகதானே" என்றீர்கள். இன்றும் என் கட்டில் தலைமாட்டில்தான் சாய்ந்திருக்கிறது.

போன ஆடியில் உங்கள் மகள் வந்தாள். அன்று பிறந்தவள்தான், இப்போது பேரன் எடுத்துவிட்டாள். வாசலில் நின்று, "அய்யா போயிட்டாக" என்றாள். உட்காரவைத்து, எப்படிப் போனீர்கள், என்ன பேசினீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல நான் அவள் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் நான் உங்கள் பக்கத்தில் இல்லை. அங்கிருந்து ஒருத்தி வந்து சொல்லித்தான் கேட்டேன்.

காலையில் அந்த அம்மா போன பிறகு, தள்ளி வைத்த இடையரை இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். இப்போது அவர் முகம் பாதையைப் பார்த்திருக்கிறது. போனவர்கள் திரும்பி வருகிற பாதை.