மத்தியானம் திறந்த நோன்பு

கேட்டி, டெக்சஸ்
25 பிப்ரவரி 2026

அன்பு மகன் ஆதிஃபுக்கு உம்மாவின் ஸலாம்.

போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அதனால்தான் மெயில். லிஸ்பனில் குளிர் குறைந்ததா? விடியுமுன் ஸஹருக்கு வெறும் ரொட்டியும் பாலும் என்றாயே, கேட்டதிலிருந்து எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

நேற்று பள்ளிவாசலில் நோன்பு திறந்த பிறகு ஹாஜா நஜ்முதீன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உன் மேனேஜர் ஆயிற்றே, வேலை விஷயம் என்று நினைத்தேன். ரொம்பத் தயங்கி, "தங்கச்சி, தம்பிக்கு உடம்பு சரியில்லையா? மத்தியான மீட்டிங்ல தண்ணி குடிச்சான், என்னமோ சாப்பிட்டான். நோன்பை விட்டுட்டானோன்னு மனசு கேக்கல" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இங்கே மத்தியானம் என்றால் அங்கே சூரியன் மறைந்து மக்ரிப். நேரம் ஆனதும் நீ நோன்பு திறந்திருக்கிறாய், கேமராவை அணைக்க மறந்துவிட்டாய். நம் வீட்டு ஹாலைப் படம் பிடித்து முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு இது தோன்றவில்லையே.

அமெரிக்காவுக்கு வெளியே இருந்து வேலை செய்யக்கூடாது என்பது கம்பெனி சட்டம் என்று நீதான் சொன்னாய். நீ கேட்டியில் இருப்பதாகத்தான் அவர் நினைக்கிறார். அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நோன்பு வைக்காத பிள்ளை என்று உன்னை நினைத்துக்கொண்டே அவர் தொழப் போனார். யார் கேட்டாலும் "மாடியில் வேலையாக இருக்கிறான்" என்று ரமலானில் என்னைப் பொய் சொல்ல வைத்தது போதாதா? நான் என்ன செய்யட்டும், சொல்.

துஆவுடன்,
உம்மா நஜீமா


லிஸ்பன்
26 பிப்ரவரி

அன்புள்ள உம்மாவுக்கு, வ அலைக்குமுஸ் ஸலாம்.

ஒன்றும் செய்ய வேண்டாம். அங்கிள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். என் நோன்பு அல்லாஹ்வுக்குத் தெரியும். நான் இருக்கும் இடம் கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

உடனே "திரும்பி வா" என்று எழுதுவாய். நிக்காஹ் நின்றுபோனதிலிருந்து கேட்டியில் மளிகைக் கடைக்குப் போனால்கூட யாராவது தோளில் கை போட்டு, "எல்லாம் நன்மைக்குத்தான்" என்கிறார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், எனக்குத்தான் தாங்கவில்லை. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. காலையில் நடக்கிறேன். மூன்று மணிக்கு லாப்டாப்பைத் திறந்தால் இரவு வரை உங்கள் ஊர் நேரம்தான். நோன்பு திறக்க ஆள் துணை இல்லை, ஆனால் நிம்மதி இருக்கிறது. தயவுசெய்து அதைக் கெடுத்துவிடாதே, உம்மா.

உன் ஆதிஃப்


கேட்டி
28 பிப்ரவரி

அன்பு மகனுக்கு,

கெடுத்துவிட்டேன். கோபப்படாமல் முழுதும் படி.

இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அண்ணனும் அவர் வீட்டம்மாவும் ஒரு பானை நோன்புக் கஞ்சியோடு வந்தார்கள். உனக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறாராம். கல்யாணம் நின்ற வருத்தத்தில் பையன் மார்க்கத்தையே விட்டுவிட்டான் என்று அவருக்குத் தூக்கம் இல்லையாம். "மேல போய் அவனைப் பாக்கவா? கண்டிக்க மாட்டேன். சும்மா பக்கத்துல உக்காந்துட்டு வர்றேன்" என்று படியில் கால் வைத்துவிட்டார்.

குறுக்கே போய் நின்றேன். தூங்குகிறான் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. "அவன் வீட்ல இல்லண்ணே. லிஸ்பன்ல இருக்கான்" என்றேன்.

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கம்பெனியைப் பற்றிக் கேட்பார் என்று நடுங்கினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அவன் நோன்போடதான் இருந்தானா?" ஆமாம் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுவதை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

போகும்போதுதான் மேனேஜராகப் பேசினார். தெரிந்த பிறகு மறைத்தால் அவர் பேரும் கெடும். திங்கள்கிழமை கம்பெனியில் அவர் சொல்லியாக வேண்டும், அதற்கு முன்னால் நீயே சொல்லிவிட்டால் உனக்கு மரியாதை என்றார்.

என்னைத் திட்டிக்கொள். வேலை வேறு தேடிக்கொள்ளலாம். பட்டினியாக இருக்கும் என் பிள்ளையை நோன்பு விட்டவன் என்று ஒரு மனிதர் நினைத்து வருந்த, நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

உம்மா


லிஸ்பன்
6 மார்ச்

அன்புள்ள உம்மாவுக்கு,

ஆறு நாள் உன் மெயிலுக்குப் பதில் எழுதாதது கோபத்தில்தான். கோபம் உண்மை, மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே ஆபீசுக்கு நானே எழுதிவிட்டேன். அவர்கள் நிறையக் கேள்வி கேட்டார்கள், சத்தம் போடவில்லை. இன்றோடு வேலை முடிந்தது. லாப்டாப்பை அனுப்பிவிட வேண்டும். பெருநாளுக்கு வருகிறேன். அதற்குப் பிறகு அங்கேயே இருப்பேனா என்று இப்போது கேட்காதே. தெரிந்தால் சொல்லமாட்டேனா?

இன்னொன்று சொல்ல வேண்டும். திங்கள்கிழமை என் காலண்டரில் அங்கிள் ஒரு மீட்டிங் போட்டிருந்தார், தலைப்பு இல்லாமல், சரியாக இங்கே மக்ரிப் நேரத்துக்கு. திட்டத்தான் போகிறார் என்று பயந்துகொண்டே சேர்ந்தேன். பின்னால் போட்ட படத்தை எடுத்துவிட்டு, இந்த ஊர்ச் சுவரோடு உட்கார்ந்தேன்.

வேலையைப் பற்றி அவர் பேசவில்லை. "நேரம் ஆயிடுச்சா? பிஸ்மில்லா சொல்லி ஆரம்பி" என்றார். நான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டதும் அழுகை வந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்து போகவில்லை.

அதிலிருந்து தினமும் அதே நேரத்துக்கு வந்தார், இன்றும் வந்தார். ஆபீசில் எல்லோரும் லஞ்சுக்குப் போயிருப்பார்கள். அவருக்கு நோன்பு திறக்க இன்னும் அரை நாள் இருக்கிறது. காய்ந்த உதட்டோடு உட்கார்ந்து, "மெதுவா சாப்பிடு" என்கிறார்.

உன் ஆதிஃப்